அளவுகோல் தொலைந்த கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்கும் குவாண்டம் புலக் கோட்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரையில் வரப்போகும் விஷயத்தில் பாதியை நாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். பெயர்தான் வேறு. நாம் அதைப் 'பொது அளவு அறிக்கை' என்கிறோம், இயற்பியல்காரர்கள் 'ஸ்கேல் இன்வேரியன்ஸ்' என்கிறார்கள்.

பொது அளவு அறிக்கையில் என்ன செய்கிறோம்? ஒரு கம்பெனியின் எல்லாச் செலவுகளையும் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று மாற்றி எழுதுகிறோம். மாற்றியதும் ரூபாய் காணாமல் போய்விடும், விகிதம் மட்டும் மிஞ்சும். சின்னக்கடை வீதியில் இருக்கும் ஒரு மளிகைக் கடையையும், நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது பெரிது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளவைப் பத்து மடங்கு ஆக்கினாலும் தாள் மாறாது. அவ்வளவுதான் ஸ்கேல் இன்வேரியன்ஸ். தமிழில் 'அளவு மாற்றினாலும் மாறாமை' என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொரு உதாரணம் வேண்டுமென்றால் ஸ்ரீரங்கத்தின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கோயில், சுற்றி உத்திர வீதிகள், அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதிகள். செவ்வகத்துக்குள் செவ்வகம். வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் உத்திர வீதி தோராயமாகச் சித்திரை வீதியின் மேல் போய் உட்காரும். ஊர்ப்பெயரும் ஆட்களும் இல்லாத வரைபடத்தில், நீங்கள் பார்ப்பது எந்தச் சுற்று என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் நிஜக் கோபுரத்தில் இந்த விளையாட்டு நடக்காது. 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. அதையே பத்து மடங்கு உயரமாகக் கட்டினால் என்ன ஆகும்? எடை ஆயிரம் மடங்கு கூடும், தாங்குகிற அடித்தளத்தின் பரப்பு நூறு மடங்குதான் கூடும். இப்படிப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கல் நொறுங்கிவிடும். கலிலியோ 1638-லேயே இதை எழுதிவிட்டார். அப்படியென்றால் இயற்கை எங்கேயோ ஓர் அளவுகோலை ஒளித்து வைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கே?

நிறையில்தான். அணு இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதில் எலக்ட்ரானின் நிறைக்குப் பெரிய பங்கு உண்டு. எலக்ட்ரான் இன்னும் கனமாக இருந்திருந்தால் அணு சின்னதாகியிருக்கும், கோபுரமும் நாமும் சின்னதாகியிருப்போம். குவாண்டம் விதியும் சார்பியலும் சேர்ந்த உலகத்தில் நிறை என்று ஒன்று இருந்தாலே அதிலிருந்து ஒரு நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். நிறையே இல்லாவிட்டால்? அளவுகோல் தொலைந்துவிடும்.

இப்போது கதைக்கு வருவோம்.

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே திருவானைக்காவல். சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தது அங்கேதான். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ராமனின் அண்ணன் சுப்ரமண்ய அய்யர். அவருடைய மகன் சந்திரசேகர், 1910-ல் லாகூரில் பிறந்து சென்னையில் படித்தவர். 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். அவர் சொல்லித்தான், தான் படித்த பாடத்துக்கு அப்பால் புதிய குவாண்டம் புள்ளியியல் என்று ஒன்று வந்திருப்பது தெரிந்தது. இரண்டே வருடத்தில் மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்வதற்குள் கப்பலிலேயே ஒரு கணக்கைப் போட்டார். அப்போது வயது 19.

கணக்கு 'வெண்குள்ளன்' எனப்படும் நட்சத்திரங்களைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரங்கள் இவை. சூரியன் அளவு நிறை, ஆனால் பூமி அளவுதான் உருவம். சுருக்கப் பார்ப்பது ஈர்ப்பு விசை. சுருங்காமல் தடுப்பது எலக்ட்ரான்கள். ஒரு எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்க முடியாது என்பதால், நெருக்க நெருக்க அவை வேகமெடுத்து எதிர்க்கும்.

இதை ஒரு பேரேடாகப் பாருங்கள். ஒரு பக்கம் ஈர்ப்பின் ஆற்றல், மறு பக்கம் எலக்ட்ரான்களின் ஆற்றல். நட்சத்திரம் பாதியாகச் சுருங்கினால் ஈர்ப்புப் பக்கம் இரண்டு மடங்கு ஆகும். எலக்ட்ரான் பக்கம் நான்கு மடங்கு ஆகும். ஆகவே எவ்வளவு ஈர்த்தாலும் ஏதோ ஓர் அளவில் எலக்ட்ரான் பக்கம் ஜெயித்து, சுருங்குவது நின்றுவிடும். எந்த நட்சத்திரமும் கடைசியில் வெண்குள்ளனாக நிம்மதியாக ஓய்வு பெறலாம். சந்திரசேகருக்கு முன்னால் ரால்ஃப் ஃபௌலர் 1926-ல் போட்ட கணக்கு இதுதான்.

சந்திரசேகர் கவனித்த விஷயம் வேறு. நெருக்கம் அதிகமானால் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்போது அவற்றின் ஆற்றலுக்கு முன்னால் அவற்றின் நிறை ஒன்றுமே இல்லை, கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்கில் பத்து ரூபாய் மாதிரி. அந்த நிலையில் நட்சத்திரம் பாதியாகச் சுருங்கினால் எலக்ட்ரான் பக்கமும் இரண்டு மடங்குதான் ஆகிறது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறுகின்றன. சுருங்குவதை நிறுத்த ஆளில்லை!

கவனியுங்கள். நிறை மறைந்ததும் அளவுகோல் மறைந்துவிட்டது. நட்சத்திரம் எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கே கணக்கில் இடமில்லாமல் போய்விட்டது. மிஞ்சியது ஒரே கேள்வி: மொத்தச் சரக்கு எவ்வளவு? அதற்கு மட்டும் ஓர் எல்லை வந்தது. அதைத் தாண்டினால் வெண்குள்ளனாக நிற்க முடியாது. 1931-ல் அச்சான கட்டுரையில், நட்சத்திரத்தின் உட்பொருள் பற்றிய அன்றைய அனுமானத்தின்படி 0.91 சூரிய நிறை என்று விடை வந்தது. அனுமானம் திருந்திய பிறகு அது 1.44 ஆனது. இன்று அதைச் 'சந்திரசேகர் எல்லை' என்கிறோம். (இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் 1930-ல் தனியாக இப்படியோர் எல்லைக்கு வந்து சேர்ந்தார். அவரையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.)

1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தன் முடிவைப் பேசி அமர்ந்ததும், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான எடிங்டன் எழுந்து, சபையே சிரிக்கும்படி அதைக் கேலி செய்தார். நட்சத்திரம் முடிவில்லாமல் சுருங்கிக்கொண்டே போவது அபத்தம், இயற்கை அப்படி நடக்க விடாது என்பது அவர் வாதம். கணக்கில் எந்த வரி தப்பு என்று காட்டவில்லை. விடை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த விடையில்தான் இன்று நாம் சொல்லும் நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் ஒளிந்திருந்தன. நோபல் பரிசு 1983-ல் வந்தது. 1935-ல் இருந்து கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

"எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்பது வவுச்சர் ஆகாது. இதுதான் நான் சொல்ல வந்தது. இதே விஷயத்தில், அதாவது அளவுகோல் இல்லாத கணக்கில், இந்த வவுச்சர் பிரச்சினை மறுபடியும் வந்தது. அதற்குள் சூப்பர் சிமெட்ரியும் நுழைந்தது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன இணைப்பு. 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் சென்னை வந்தபோது, மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டிலேயே மாணவர்களை வைத்து நடத்திவந்த கருத்தரங்கைப் பார்த்து அசந்துபோனார். அதன் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் கணித அறிவியல் நிறுவனம். 1962 ஜனவரி 3 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அதே சந்திரசேகர்தான். இன்று தரமணியில் இருக்கும் அந்த நிறுவனத்தில், நான் அடுத்துச் சொல்லப்போகும் வகைக் கோட்பாடுகளை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, 'கன்ஃபார்மல்' என்றால் என்ன? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். மெர்க்கேட்டர் 1569-ல் கண்டுபிடித்த முறை. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரிது. இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆனால் கோணம் மட்டும் எங்கேயும் மாறாது. அதனால்தான் மாலுமிகளுக்கு அது பயன்பட்டது. அதாவது எல்லா இடத்தையும் ஒரே அளவில் பெரிதாக்கினால் அது ஸ்கேல். இடத்துக்கு இடம் வேறு வேறாகப் பெரிதாக்கி, கோணத்தை மட்டும் காப்பாற்றினால் அது கன்ஃபார்மல். ஸ்ரீரங்கம் வரைபடத்தை ரப்பர் தாளில் வரைந்து இழுத்தது போல வீதிகள் வளையலாம், ஆனால் வீதி முனைகள் செங்கோணமாகவே இருக்க வேண்டும்.

ஒளியின் சமன்பாடுகளுக்கு இந்தக் கன்ஃபார்மல் குணம் உண்டு என்று 1909, 1910 வாக்கில் பேட்மேனும் கன்னிங்ஹாமும் காட்டினார்கள். ஒளிக்கு நிறை இல்லை அல்லவா, அதனால்தான். 1918-ல் ஹெர்மன் வெய்ல், பிரபஞ்சத்தில் அளவுகோலே இடத்துக்கு இடம் மாறலாம் என்று ஒரு கோட்பாடு கொண்டுவந்தார். ஐன்ஸ்டீன் உடனே மறுத்தார். அப்படியென்றால் ஓர் அணு எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து அதன் நிறமாலை மாற வேண்டும், ஆனால் எல்லா ஹைட்ரஜனும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றார். எடிங்டன் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இது தணிக்கை, அது கேலி.

குவாண்டம் உலகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆரம்பத்தில் நிறையே இல்லாத கோட்பாட்டை எழுதினாலும், விசையின் வலிமை நாம் பார்க்கும் தூரத்தைப் பொறுத்து மாறத் தொடங்கிவிடும். கடன் தொகைக்குத் தகுந்தபடி வட்டி விகிதமே மாறுவது போல. விகிதம் மாறினால் பொது அளவு அறிக்கை எப்படி ஒரே மாதிரி இருக்கும்? அளவுகோல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். 1973-ல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் அணுக்கருவுக்குள் இருக்கும் விசை கிட்டே போகப் போகக் குறைகிறது என்று காட்டினார்கள். 2004-ல் நோபல் கிடைத்தது. புரோட்டானின் நிறையில் அதற்குள் இருக்கும் குவார்க்குகளின் சொந்த நிறை சுமார் ஒரு சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி இப்படிப் பின்வாசலில் வந்த அளவுகோலின் கைங்கர்யம். எடை மெஷினில் ஏறி நின்றால் தெரிவது பெரும்பாலும் அதுதான் :-)

பின்வாசலை அடைக்க வழி உண்டா? இங்கேதான் சூப்பர் சிமெட்ரி வருகிறது. 1971-ல் ரஷ்யாவில் கோல்ஃபாண்டும் லிக்ட்மனும், 1974-ல் ஐரோப்பாவில் வெஸ்ஸும் சுமினோவும் இதை முன்வைத்தார்கள். நமக்கு இது சுலபம். இரட்டைப் பதிவு முறை! ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. ஒவ்வொரு போஸான் துகளுக்கும் ஜோடியாக ஒரு ஃபெர்மியான் துகள். ஒன்று கூட்டுகிறதை மற்றொன்று கழிக்கும். 1977-ல் எழுதப்பட்ட, நான்கு மடங்கு சூப்பர் சிமெட்ரி கொண்ட ஒரு கோட்பாட்டில் கழித்தல் பூரணமாக நடக்கிறது, வட்டி விகிதம் நகரவே நகராது என்று 1980-களின் தொடக்கத்தில் நிறுவினார்கள். நாற்பரிமாண உலகில் குவாண்டம் கணக்குக்குப் பிறகும் அளவுகோல் இல்லாமலே தாக்குப்பிடித்த கோட்பாடு. 1997-ல் மால்டசேனா அதை ஈர்ப்பு விசையோடு இணைத்த பிறகு அதன் மவுசு எங்கேயோ போய்விட்டது. அதே வருடம், பின்னாளில் மும்பை டாடா நிறுவனத்தில் சேர்ந்த ஷிராஸ் மின்வாலா, சூப்பர் சிமெட்ரியும் கன்ஃபார்மலும் சேர்ந்தால் ஒரு கோட்பாட்டில் எதெல்லாம் இருக்க முடியாது என்ற கட்டுப்பாடுகளைக் கணக்கிட்டு எழுதினார்.

இப்போது வவுச்சர் கேள்வி. ஸ்கேல் இருந்தால் கன்ஃபார்மலும் தானாக வந்துவிடுமா? எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பெரிதாக்கலாம் என்றால், இடத்துக்கு இடம் வேறாகவும் பெரிதாக்கலாம் என்று ஆகிவிடுமா? தர்க்கப்படி இரண்டாவது பெரிய கோரிக்கை. ஆனால் 1970-ல் பொல்யகோவ் இந்த யோசனையைச் சொன்னதிலிருந்து, பார்த்த உதாரணம் எல்லாவற்றிலும் இரண்டும் சேர்ந்தேதான் வந்தன. பலரும் இரண்டு வார்த்தைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நாமும் இருப்பாய்வு டேலி ஆனால் கணக்கு சரி என்று நினைப்போமே, அப்படி. விதிப்பிழையும் ஈடுசெய் பிழையும் டேலி ஆன இருப்பாய்விலும் ஒளிந்திருக்கும் என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்து அப்படி நினைப்போம்!

ஜோசஃப் போல்சின்ஸ்கி 1988-ல் இதைத் தணிக்கைக்கு எடுத்தார். ஸமலோட்சிகோவ் 1986-ல் நிறுவிய ஒரு தேற்றத்தை வைத்து, இரு பரிமாணத்தில் சில நிபந்தனைகளோடு ஆமாம், வந்துவிடும் என்று நிறுவினார். நிபந்தனைகள் சும்மா இல்லை. இரு பரிமாண மீள்மைக் கோட்பாட்டில், அதாவது இழுத்தால் நீண்டு விட்டால் பழைய நிலைக்கு வரும் பொருளின் கணக்கில், ஸ்கேல் உண்டு, கன்ஃபார்மல் இல்லை என்று 2005-ல் ரிவாவும் கார்டியும் காட்டினார்கள். நம் ஒளியையே எடுத்துக்கொண்டாலும் நான்கு பரிமாணத்தில்தான் கன்ஃபார்மல். வேறு பரிமாணத்தில் அதே சமன்பாடுகளை எழுதினால் ஸ்கேல் மட்டும் மிஞ்சுகிறது என்று 2011-ல் கட்டுரைகள் வந்தன.

நாம் வாழும் நான்கு பரிமாணத்தில்? அதே 2011-ல் ஃபோர்டின், கிரின்ஸ்டீன், ஸ்டெர்ஜியோ மூவரும் ஒரு வெடியைப் போட்டார்கள். விசைகளின் வலிமைகள் நிற்காமல் வட்டமடித்துச் சுற்றிவரும் கோட்பாடுகள் இருக்கின்றன, அவற்றில் ஸ்கேல் உண்டு, கன்ஃபார்மல் கிடையாது என்றார்கள். இந்த முறை யாரும் சிரித்து ஒதுக்கவில்லை. உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தார்கள். 2012-ல் லூட்டி, போல்சின்ஸ்கி, ரட்டாசி மூவரும் சிறிய விசைகளை வைத்துச் செய்யும் கணக்கில் அப்படி நடக்க முடியாது என்று காட்டினார்கள். வெடி போட்ட மூவருமே தங்கள் கணக்கை மறுபடி பார்த்து, அந்த வட்டம் உண்மையான மாற்றம் இல்லை, புலங்களுக்குப் பெயர் மாற்றிக்கொண்டே போவதால் தெரிகிற சுற்று என்று விளக்கிவிட்டார்கள். நம் பாஷையில் எதிர்ப்பதிவு. ரொக்கத்திலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து ரொக்கத்துக்கு. ஏட்டில் ஏகப்பட்ட நடமாட்டம், சொத்தில் ஒரு பைசா மாற்றம் இல்லை.

சூப்பர் சிமெட்ரி உள்ள கோட்பாடுகளில் தணிக்கையாளருக்குக் கூடுதலாக ஒரு ஆவணம் கிடைக்கிறது. ஆற்றல் ஓட்டம், சூப்பர் சிமெட்ரியின் ஓட்டம், ஆர்-சிமெட்ரி என்ற சுழற்சியின் ஓட்டம் மூன்றும் ஒரே குடும்பத்தில் வருகின்றன என்று 1975-லேயே ஃபெராராவும் சுமினோவும் காட்டியிருந்தார்கள். ஒரு கணக்கில் தப்பு இருந்தால் மற்ற இரண்டிலும் தெரிந்துவிடும். இதை வைத்து 2011-ல் அன்டோனியாடிஸும் பியூகனும், ஆர்-சிமெட்ரி உள்ள கோட்பாடுகளில், சில அனுமானங்களின் கீழ், ஸ்கேல் வந்தால் கன்ஃபார்மலும் வந்துவிடும் என்று வாதிட்டார்கள். அனுமானங்களை ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் கதை முடியவில்லை. விசை எவ்வளவு பலமாக இருந்தாலும் செல்லுபடியாகிற, எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொது நிரூபணம் நான்கு பரிமாணத்துக்கு இன்னும் வரவில்லை. இருக்கும் சான்றுகள் எல்லாம் ஆமாம் என்ற பக்கம்தான் சாய்கின்றன. அதற்காகக் கணக்கை மூடிவிட முடியுமா? பொருந்தாத வித்தியாசத்தை நாம் என்ன செய்வோம்? அனாமத்துக் கணக்கில் போட்டுவைப்போம். விளக்கம் கிடைத்த பிறகுதான் அதை எடுப்போம். இந்தக் கேள்வியும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

எடிங்டன் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: சந்திரசேகர் அவரிடம் பகை வைத்துக்கொள்ளவில்லை. எடிங்டனின் நூற்றாண்டான 1982-ல் கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அவருடைய மேதைமையையும் சொன்னார், 1935 விவகாரத்தையும் மறைக்காமல் சொன்னார். வரவையும் பற்றையும் அதனதன் பக்கத்தில் எழுதத் தெரிந்த மனுஷன்.